வண்டி போயிற்று, பெயர் போகவில்லை!

பழைய பட்டுப் புடவையைப் போட்டுவிட்டுப் பாத்திரம் வாங்குகிறோம். பாத்திரக்காரன் தெருமுனை திரும்பியதும் அந்தப் புடவைக்கும் நமக்கும் இருந்த உறவு அறுந்துவிடுகிறது. அதைச் சரிகைக்காக உருக்கினாலும் சரி, இன்னொருத்தி வாங்கிக் கட்டிக்கொண்டாலும் சரி, நம்மை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. நமக்கும் அன்று முழுவதும் ஒரே சந்தோஷம். புது அடுக்கைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்போம்.

ஆனால், சகோதரிகளே, ஸ்கூட்டர் புடவையல்ல! இந்தச் சின்ன உண்மை தெரியாமல் போனதால் திருச்சி புத்தூரில் ஓர் அம்மாள் படும் பாட்டைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஊரே "டீச்சர்" என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையை ஒட்டிய சந்து ஒன்றில் டீச்சரின் வீடு. குழுமாயி அம்மன் திருவிழாவுக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பத்திரிகைக்காரி என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு பழைய துணிக்கடைப் பையை எடுத்து வந்தார்.

"நீ படிச்ச பொண்ணு. இதைக் கொஞ்சம் பாரும்மா. இதுலே நான் பண்ணின தப்பு என்ன, சொல்லு" என்றார்.

பைக்குள் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று முத்திரைத்தாள், நோட்டரி வக்கீலின் வட்ட முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. மற்றொன்று கோர்ட்டிலிருந்து வந்த சம்மன்.

சங்கதி இதுதான். ரிடையர் ஆவதற்குச் சில வருஷங்களுக்கு முன் டீச்சர் தம் சொந்தச் சம்பளத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். அந்தத் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் பெண்மணி அவர்தானாம்; அதைச் சொல்லும்போது இப்பொழுதும் முகத்தில் ஒரு மலர்ச்சி! ரிடையர் ஆன பிறகு முழங்கால் வலி. வண்டி மூலையில் நின்று தூசி படிந்தது. மெக்கானிக் ஒரு பையனைக் கூட்டி வந்தான். பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பேசி முடிந்தது.

டீச்சர் ஏமாளி அல்ல. "எல்லாம் எழுத்திலே இருக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடித்து, நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "இன்று முதல் மேற்படி வாகனத்தினால் ஏற்படும் சகல பொறுப்புகளும் வாங்குபவரையே சாரும்" என்று ஒரு வாசகம். ஆர்.சி. புத்தகமும் சாவியும் கை மாறின. "பெயர் மாற்றத்துக்கு நான் பார்த்துக்கறேன், டீச்சர்!" என்றான் பையன். இரண்டு படிவங்களில், நிரப்பாமலே, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அவன் பார்த்துக்கொள்ளவே இல்லை. பதினான்கு மாதம் கழித்துச் சம்மன் வந்தது. அந்த ஸ்கூட்டர் பூ விற்கும் ஒரு பெண்ணின் மேல் மோதிக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவன் வேறு யாரோ. பையன் அதற்குள் வண்டியை இன்னொருவனுக்கு விற்றுவிட்டிருந்தான். இன்ஷூரன்ஸ் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவில் எதிர்மனுதாரராக டீச்சரின் பெயர்!

"எனக்குப் பயமே இல்லேம்மா அப்போ. முத்திரைத்தாளை எடுத்துண்டு ராணி மாதிரி வக்கீல்கிட்டே போனேன். அவர் படிச்சுப் பார்த்துட்டு, 'டீச்சர், இது நல்ல பேப்பர்தான். ஆனா இந்தக் கேஸுக்கு இல்லே'ன்னுட்டார்."

நல்ல பேப்பர், ஆனால் இந்தக் கேஸுக்கு இல்லை! இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் போதும், நாம் பிழைத்தோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் நோட்டரி என்பவர் யார்? 1952-ஆம் வருஷத்து நோட்டரிகள் சட்டத்தின்படி மத்திய அரசோ மாநில அரசோ நியமிக்கிற வக்கீல் அவர். 1956-ஆம் வருஷத்து விதிகளின்படி சாதாரணமாகப் பத்து வருஷம் தொழில் நடத்தியிருக்க வேண்டும். பெண் வக்கீல்களுக்கு ஏழு வருஷம் போதும். ஒருவர் தம் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார், பிரமாணம் செய்தார் என்பதற்கு அவர் அத்தாட்சி. தம் பதிவேட்டில் குறித்துக்கொண்டு முத்திரை வைக்கிறார். பிற்பாடு "இது என் கையெழுத்தே இல்லை" என்று எவரும் எளிதில் நழுவ முடியாது. அந்த முத்திரையின் மதிப்பு அவ்வளவு. அது சாமானியமான மதிப்பும் அல்ல.

ஆனால் வண்டி யாருடையது என்று தீர்மானிக்கும் புத்தகம் நோட்டரியிடம் இல்லை. அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், நாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்கிறோமே, அங்கே இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. மைனர் பெயரில் இருந்தால் அவருடைய காப்பாளர், கடனில் எடுத்த வண்டியானால் ஒப்பந்தப்படி அதை வைத்திருப்பவர் என்று சில விலக்குகள் உண்டு. மற்றப்படி புத்தகத்தில் உள்ள பெயர்தான் பெயர்.

நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். நோட்டரி முன்னால் எழுதிய விற்பனைப் பத்திரம் நிச்சயதாம்பூலம் மாதிரி. தாம்பூலம் மாற்றிக்கொண்டோம், லக்கினப் பத்திரிகை வாசித்தோம், நாலு பேர் சாட்சி. எல்லாம் சரிதான். அதனால் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறுவதுதான் முகூர்த்தம். அது நடக்கிற வரையில் பெண் நம் வீட்டுப் பெண்தான்!

"இது அநியாயம் அல்லவா? விற்றவள் தலையிலா பழி?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் டீச்சரிடம் அப்படித்தான் படபடத்தேன். அவர் பதில் சொன்ன விதத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். வாய்தா அன்னிக்குக் கோர்ட்டு வராந்தாவிலே அந்தப் பூக்காரியைப் பார்த்தேன். ஊன்றுகோலைச் சுவத்திலே சாத்தி வெச்சுட்டுக் கீழே உட்கார்ந்திருந்தா. எனக்குக் கோபம் வரலேம்மா. அவ யாரைப் போய்த் தேடுவா? நான் வித்தது யாருக்கு, அவன் வித்தது யாருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிஞ்சது வண்டி நம்பர் ஒண்ணுதானே?"

கணக்கு டீச்சர் அல்லவா? சட்டத்தின் கணக்கை ஒரே வரியில் போட்டுவிட்டார். சட்டத்தின் எண்ணமும் அதேதான். தெருவில் அடிபட்டுக் கிடப்பவர், கை மாறிக் கை மாறிப் போன வண்டியின் ஜாதகத்தை ஆராய்ந்துகொண்டு அலைய முடியாது. நம்பர் பலகை இருக்கிறது. அந்த நம்பருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும்.

டெல்லியில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி கொடுத்த ஒரு தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் தம் காரை 2007-இல் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. இப்படிக் கார் பல கை மாறியது. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009 மே மாதம், பின்னோக்கி வந்த அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று, இன்னொருவருக்குக் காயம். பொறுப்பு யாருடையது? கடைசியில் வாங்கியவருடையது என்றது உயர் நீதிமன்றம். இல்லை, பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவருடையதே என்றது உச்ச நீதிமன்றம். விற்று ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து நடந்த விபத்து, அம்மணிகளே!

அப்படியானால் டீச்சரின் முத்திரைத்தாள் வெறும் காகிதமா? அல்ல. அது டீச்சருக்கும் அந்தப் பையனுக்கும் இடையே உள்ள ஏற்பாடு. நஷ்டஈடு கட்ட நேர்ந்தால், "நீ ஏற்றுக்கொண்ட பொறுப்பு இதோ" என்று அவனிடம் கேட்க அது உதவும். ஆனால் பூக்காரி அதில் கையெழுத்துப் போடவில்லையே! அவளை அந்தக் காகிதம் எப்படிக் கட்டும்?

இன்னொரு விஷயத்தையும் கவனித்தீர்களா? இன்ஷூரன்ஸ் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் டீச்சருக்கு இவ்வளவு கஷ்டம் வந்திராது. வண்டியை விற்கும்போது அதன் பாலிசியும் வாங்கியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சட்டம் கருதிக்கொள்கிறது. அடிபட்ட வெளியாருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லும். வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காமல் விட்டால், தம் வண்டிக்கே ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கேட்கும்போது கம்பெனி கையை விரித்துவிடக்கூடும். ஆக, வாங்குகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

சரி, செய்ய வேண்டியது என்ன? பயப்படாதீர்கள்; ஆவக்காய் போடுவதைவிடச் சுலபம்.

வண்டியை விற்கிறவர் கொடுக்க வேண்டியது படிவம் 29. வாங்குகிறவர் கொடுக்க வேண்டியது படிவம் 30. விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியானால் விற்றவருக்கு நாற்பத்தைந்து நாள். அங்கிருந்து தடையின்மைச் சான்றும் வேண்டும். விற்றவரின் தகவலை விற்றவரேதான் கொடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். "நான் பார்த்துக்கறேன்" என்று வாங்குகிறவன் சொன்னால், "உன் பாதியை நீ பார்த்துக்கோ, அப்பா; என் பாதியை நான் பார்த்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தகவல் கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். அதோடும் நின்றுவிடக் கூடாது. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டால்தான் அடுப்பை அணைத்ததாக அர்த்தம்.

திருச்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டி.என். 45 என்றால் திருச்சி மேற்கு, 48 என்றால் ஸ்ரீரங்கம், 81 என்றால் திருச்சி கிழக்கு. எந்த ஆபீஸ் என்பதை முதலில் தெரிந்துகொண்டு புறப்பட்டால் வெயிலில் வீண் அலைச்சல் மிச்சம். இப்பொழுது மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பவும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் வசதி உண்டு. காலேஜில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களும் கூடவே படியுங்கள்.

கடன் வாங்கி எடுத்த வண்டியா? கடன் தீர்ந்தாலும் ஆர்.சி.யில் பாங்கின் பெயர் தானாக அழியாது. பாங்கில் படிவம் 35-இல் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அந்தப் பாத்தியதையை நீக்கிய பிறகே விற்பனைப் பேச்சு. காராக இருந்தால் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாகை மறக்காதீர்கள். அதை மூடாவிட்டால், வாங்கியவர் பழனிக்குப் போன சுங்கக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். புண்ணியமாவது நமக்கு வருமா என்றால், அதுவும் சந்தேகம்!

பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்காரரிடம் கொடுக்கிறீர்களா? 2023 ஏப்ரல் முதல் இவர்களுக்கென்று விதிகள் வந்திருக்கின்றன. அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சான்று என்றதும் முகம் சுளிப்பவரானால் வேறு கடை பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுவீர்களா? வாங்குபவர் பெயர், விலாசம், தேதி, வண்டி கொடுத்த நேரம் இவற்றை எழுதிய பிறகே பேனாவை எடுங்கள். நோட்டரியிடம் போனாலும் நீங்களே நேரில் போங்கள். "நீங்க வர வேண்டாம்மா, நானே முத்திரை வாங்கிட்டு வந்துடறேன்" என்று எந்தத் தரகர் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் முன்னிலையே இல்லாமல் விழுந்த முத்திரை, சாட்சியே இல்லாத சாட்சி.

இனி, சொல்லக் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். பல வீடுகளில் வண்டி அவர் பெயரில் இருக்கும். அவர் போய்விடுவார். வண்டி நிற்கும்.

டீச்சர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அப்படி ஒரு வண்டி நிற்கிறது. அந்த வீட்டு அம்மாள் தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள். மகன் அதில் ஆபீஸ் போகிறான். பெயர் மாற்றச் சொன்னால், "அவர் பேர் அதிலேயாவது இருக்கட்டுமே!" என்கிறாளாம். இந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது? சட்டப் புத்தகத்தை நீட்டவா முடியும்?

இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உரிமையாளர் காலமான முப்பது நாளுக்குள், வண்டியை இன்னார் உபயோகிக்கப் போகிறோம் என்று போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தால், மூன்று மாதம் வரை அதை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் வைக்க வேண்டும். வாரிசுகள் பலர் என்றால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றும், "இன்னார் பெயருக்கு மாற்ற எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதும் தேவைப்படும். இப்படிப் பிரமாணப் பத்திரம் எழுதுகிற இடத்தில் நோட்டரி நமக்கு உண்மையான துணை. வெளியூர்ப் பெண்ணும் பிள்ளையும் காரியங்களுக்காக ஒன்றாக வந்திருக்கும் நாட்களிலேயே கையெழுத்தை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். அப்புறம் யாரை எங்கே தேடுவது?

2021-ஆம் வருஷத்திலிருந்து இதற்கும் ஒரு சுலப வழி செய்திருக்கிறார்கள். பாங்குக் கணக்கில் போடுவதுபோல வண்டிக்கும் நாமினி போடலாம். புது வண்டி பதிவாகும்போதே போடலாம், பிறகும் சேர்க்கலாம். "அபசகுனமாக ஏன் பேசுகிறாய்?" என்று உங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், நல்ல காப்பியாக ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

அந்த அம்மாளுக்கு நான் சொல்லி அனுப்பியது இதுதான்: பழைய ஆர்.சி.யை ஒரு பிரதி எடுத்து, அவர் படத்துக்குப் பின்னால் சட்டத்துக்குள் வைத்துவிடுங்கள். அவர் பெயர் அங்கே பத்திரமாக இருக்கும். தெருவில் ஓடுகிற வண்டியில் மகன் பெயர் இருக்கட்டும். அவன் ஒருநாள் தடுமாறினாலும் இன்ஷூரன்ஸ்காரரும் கோர்ட்டும் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்கும்.

டீச்சரின் கேஸ் இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறார். பெண்ணின் வளைகாப்புக்கென்று வைத்திருந்த பணத்தைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், கட்டச் சொன்னால் கட்டுவதற்கு. போன வாய்தாவில் பூக்காரி தம் கூடையிலிருந்து ஒரு முழம் கதம்பம் எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாளாம். "என்ன சொல்லறதுன்னே தெரியலே, தலையிலே வெச்சுண்டுட்டேன்" என்றார் டீச்சர்.

நான் விடைபெற்றுக் கிளம்பும்போது, "எழுதறதானா இதை மட்டும் எழுது. நான் கணக்கிலே எப்பவும் கடைசி வரியைச் சரிபார்க்கச் சொல்லுவேன் பசங்களை. என் கணக்கிலே அந்தக் கடைசி வரியை நானே பார்க்கலே" என்றார்.

எழுதிவிட்டேன், டீச்சர்.

வாசக சகோதரிகளே, இன்று ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்ததும் பீரோவைத் திறவுங்கள். கடந்த சில வருஷங்களில் உங்கள் வீட்டிலிருந்து போன ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், கார் எத்தனை? எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் இப்பொழுது யார் பெயரில் இருக்கிறது? தெரியவில்லை என்றால், நாளைக் காலையில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.